நடுவில் ஒரு சுவர்தான்

பேருந்து ஓட்டும் அவளை டிப்போவில் எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பொம்பளை ஓட்டும் வண்டியில் ஏறமாட்டேன் என்று நிறுத்தத்தில் ஒருவர் சட்டம் பேசினார். அவள் கதவைச் சாத்தினாள், கியரைப் போட்டாள், போய்க்கொண்டே இருந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று வீட்டாரோடு மல்லுக்கட்டி நின்றதும் அதே பிடிவாதத்தில்தான்.

அப்படிப்பட்டவளுக்கே கொஞ்ச நாளாகப் பக்கத்து வீட்டை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அங்கே கைக்கடிகாரம் பழுது பார்க்கும் தம்பியும் அவன் அம்மாவும் இருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. காபி ஆறிவிட்டது, ஜன்னலைச் சாத்து, ஏன் சாத்தினாய், தலையணையைத் திருப்பு. தம்பி கடையை மூடிவிட்டு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தான். கண்ணில் லென்ஸை மாட்டி, இடுக்கியால் ஒரு பல்சக்கரத்தை எடுப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும். சக்கரம் துள்ளி மேசைக்கடியில் ஓடும். நாளாக நாளாக, அவன் சட்டையைப் போட்டிருக்கிறானா, சட்டை அவனைப் போட்டிருக்கிறதா என்று தெரியாத அளவுக்கு இளைத்துப்போனான். ஏதாவது கேட்டால், "அம்மாதானே அக்கா" என்று முழுங்கிவிடுவான்.

ஒரு மதியம் காலை ஷிப்ட் முடிந்து வந்தவள், மாடிப்படித் திருப்பத்தில் அவன் மருந்துப் பையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இங்க உக்காந்திருக்க?"

"மேல போக கால் வரலக்கா."

அவள் பையை வாங்கிக்கொண்டு தன் வீட்டுச் சாவியை அவன் கையில் திணித்தாள். "போய்ப் படு. கூப்பிட்டா எழுந்து வராத."

அம்மா கட்டிலில் காத்திருந்தார். மகன் எங்கே என்றார். தூங்குகிறான் என்றாள்.

"எழுப்பு."

"மாட்டேன்மா."

தலையணை பறந்து வந்தது. அவள் எடுத்துத் தட்டி, மறுபடி தலைமாட்டில் வைத்தாள். நேரத்துக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டு மகளுக்குப் போன் போட்டார். அதே ஊரில்தான் இருந்தாள் மகள், எப்போதாவது தலைகாட்டுவாள். போன் ஹாரன் அக்காவின் கைக்கு வந்ததும் அந்தப் பக்கம் எகிறியது: எங்கள் வீட்டு விஷயத்தில் தலையிட நீங்கள் யார்?

"பக்கத்து வீடு. நடுவுல ஒரு சுவர்தான். உங்களுக்கும் உங்க அம்மாவுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு நீங்களே சொல்லுங்க."

மகள் சாயங்காலமே வந்து இறங்கினாள். தூக்கம் கலைந்து வந்த அண்ணன் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. ஹாரன் அக்காவுக்கு அதுதான் பயம். இவன் குனிந்தால் எல்லாம் பழையபடிதான் என்று வாசலிலேயே நின்றாள்.

அவன் நிமிர்ந்துதான் பேசினான். "இனிமே ஞாயித்துக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேன். நீ வா."

தங்கை குழந்தைகளையும் வேலையையும் சொன்னாள். அம்மா, அப்படியானால் பட்டினி கிடந்து சாகிறேன் என்றார்.

"சாப்பாடு செஞ்சு மேசையில வச்சிட்டுத்தான்மா போவேன். சாப்பிடறதும் சாப்பிடாததும் உங்க இஷ்டம்." குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லி முடித்தான்.

முதல் ஞாயிறு தங்கை வரவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கினான். போ என்று கையைக் காட்டிவிட்டு ஹாரன் அக்கா உள்ளே போனாள். அம்மா தட்டைத் தள்ளினார். அவள் கெஞ்சவில்லை, எதிரே உட்கார்ந்து தன் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டாள். கடைசிப் பிடிக்கு வரும்போது, "அதை இங்க தள்ளு" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

பிறகு தங்கையே வர ஆரம்பித்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். வந்தவர்களை அம்மா ஒவ்வொருவராக விரட்டினார். கடைசியில் அவரைப் போலவே அடம்பிடிக்கும் ஒருத்தி வந்து நிலைத்தாள். தம்பி கடையைத் திரும்பத் திறந்தான்.

குடும்பத்தைப் பிரித்தவள் என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்கிறார். ஹாரன் அக்காவைப் பார்த்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். "சொல்லிட்டுப் போகட்டும்" என்பாள் இவள். போகும்போதும் வரும்போதும் ஜன்னலண்டை நின்று, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பதை மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி எங்கே போகிறான் என்று யாருக்கும் தெரியாது. அவளும் கேட்டதில்லை.