கார்வார் சாலையில் நான் வேண்டாமென்ற கடை

திருப்பூரில் நாங்கள் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறோம். முதல் கார் வாங்கிய வருஷம், நானும் கணவரும் கோவா கிளம்பினோம். கார்வாரை நெருங்கும்போது ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பள்ளத்தில் கடல்.

அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் இன்சுலின் போட்டவர், மதியம் இரண்டாகியும் சாப்பிடவில்லை. "இங்க நிறுத்தட்டுமா?" என்று ஓலைக் கூரை போட்ட மூன்று சாப்பாட்டுக் கடைகளைக் கடக்கும்போதும் கேட்டார்.

"மீன் கவிச்சி அடிக்குதுங்க. நல்ல ஓட்டலாப் பாக்கலாமுங்க" என்று மூன்று முறையும் மறுத்தேன்.

மூன்றாவது கடையைத் தாண்டிய வளைவில் கார் கடல் பக்கமாக ஒதுங்கியது. அவர் முகமெல்லாம் வியர்வை.

"ஏனுங்க! பிரேக்கப் போடுங்க!"

விளிம்புக் கல்லை உரசிக்கொண்டு கார் நின்றது. அவருக்குப் பேச்சு குழறியது. என் பெயர்கூட நினைவு வரவில்லை. செல்போனில் டவர் இல்லை.

சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டதென்று புரிந்து, நான் வேண்டாமென்ற அந்த மூன்றாவது கடைக்கே திரும்பி ஓடினேன். மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம், "சர்க்கரைங்க, சர்க்கரை" என்று அழுதேன். கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். டப்பாவும் தண்ணீருமாக அந்தப் பெண் காரை நோக்கி எனக்கு முன்னால் ஓடினார். சர்க்கரையைக் கரைத்து, மெல்ல மெல்லக் குடிக்க வைத்தார். நான் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்கண்ணு அழுகறே?" என்று கணவர் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அங்கேயே சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டோம்.

ஊருக்கு வந்ததும் சொந்தக்காரர்களிடம், "வழியில கடையே இல்லீங்க" என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.