மாப்பிள்ளைக்கு நான் பார்த்துக் கொடுத்த வண்டி

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டினேன். சண்டை முடிந்து ஊர் திரும்பியதும் ராமநாதபுரத்தில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் ஜீப் டிரைவர் வேலை கிடைத்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் காரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குக் குறைவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் சாயங்காலம் கூடினால் பேச்சு எப்படியும் இஞ்சினில்தான் போய் நிற்கும்.

அந்தப் பேச்சில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. மலைப்பாதையிலும் சேற்றிலும் அமெரிக்க லாரிகளை ஓட்டியவன் என்பதால் நான் வாய் திறந்தால் மற்றவர்கள் கேட்டார்கள். எட்டு சிலிண்டர் இஞ்சினுக்கு நிகராக ஒன்று கிடையாது என்பது என் கட்சி. எதிர்க்கட்சி ஒரே ஒருவர்தான். கீழக்கரைக்காரர், கொழும்பில் கடை வைத்திருந்தவர். எல்லோரும் பாய் என்போம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கொழும்பிலிருந்து கண்டிக்கு மலையேறி இறங்க அங்கே அவர் வைத்திருந்த சின்ன இங்கிலீஷ் கார் போலவே இங்கேயும் ஒன்று வைத்திருந்தார். நாலு சிலிண்டர், நாலு கியர். பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும்.

"அது தையல் மிஷின் பாய்" என்று நான் கேலி செய்வேன்.

"தையல் மிஷின் சோறு போடும் தம்பி. ஒங்க யானை ஒங்க சோத்தையும் சேத்துத் திங்கும்" என்பார். கோபித்துக்கொள்ள மாட்டார். கேலியை டீயோடு சேர்த்துக் குடித்துவிடுவார்.

அவர் காரின் பின்பெட்டியில் எப்போதும் இரண்டு தகர டின்னில் ஊருணித் தண்ணீர் இருக்கும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதிக்கு மேல் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவர் தெரிந்ததைச் செய்கிறவர். நான் தெரிந்ததைப் பேசுகிறவன். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

என் தங்கையைப் பக்கத்தில் சிக்கல் என்கிற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு மிளகாயும் பருத்தியும் போடுகிற கொஞ்சம் புஞ்சை. அதிகம் பேசாத மனுஷன். அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்ததும், அவர் ஒரு அரிசி ஆலை லாரியில் ஏறி வண்டி ஓட்டப் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டார். பிறகு ஒருநாள் என்னைத் தேடி வந்தார்.

"மச்சான், புஞ்சையில பாதிய வித்துட்டேன். ஒரு கார் வாங்கி டாக்சியா விடலாம்னு இருக்கேன். தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கைன்னு சாமி கும்பிட வர்ற சனம் வண்டி இல்லாம அல்லாடுது. மண்டபம் வரைக்கும் கொண்டுபோய் ரயில்ல ஏத்திவிட்டாலும் போதும். எந்த வண்டின்னு நீங்க சொல்லுங்க."

அப்போது ராமேஸ்வரம் தீவுக்குள் காரில் போக வழியில்லை. பாம்பனைத் தாண்ட ரயில்தான். அதனால் மண்டபம் வரைக்கும் நல்ல சவாரி இருந்தது. யோசனை சரிதான். நான் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

இரண்டு வண்டிகள் விலைக்கு இருந்தன. ஒன்று, ஊரைவிட்டுப் போகிற ஒரு டாக்டருடைய சின்னக் கார். ஏறக்குறைய பாயின் கார் மாதிரியே. இன்னொன்று, பரமக்குடிப் பக்கம் ஜமீன் போனபின் ஒரு பெரிய வீட்டில் கொட்டகையில் நின்ற அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர். ஸ்டியரிங்கிலேயே கியர். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். அத்தனையும் இருந்தும், டாக்டர் கேட்டதைவிட இருநூறு ரூபாய் குறைவாகத்தான் சொன்னார்கள்.

பெரிய வண்டியைப் பார்க்கப் போனபோது பாயும் வந்தார். அழைத்தவர் மாப்பிள்ளை. எனக்கு அது பிடிக்கவில்லை. பானெட்டைத் திறக்கும்போதே எனக்கு மனசு போய்விட்டது. மூன்று பேரும் ஏறி, நான் ஸ்டார்ட் செய்ததும் பட்டாளத்து நாட்களெல்லாம் திரும்பி வந்ததுபோல இருந்தது. சாலைக்கு வந்ததும் பாய் பின் சீட்டிலிருந்து சொன்னார்:

"ரெண்டாவது கியர்ல போட்டு வேகம் எடுத்துட்டு, ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுங்க தம்பி."

எடுத்தேன். கியர்பெட்டியிலிருந்து மெல்லிசாக ஒரு முனகல் வந்தது. லீவர் என் கைக்குள் ஒரு நடுக்கம் நடுங்கி நின்றது.

"கேக்குதா?" என்றார் பாய்.

எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. இப்போது இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் எந்த இடத்தில் ஆரம்பித்து எந்த இடத்தில் அடங்கியது என்று சொல்ல முடியும்.

"அமெரிக்கக் கியர்பாக்ஸ் எல்லாம் இப்படித்தான் பாய். ஒங்களுக்குப் பழக்கம் இல்ல" என்றேன்.

"இருக்கலாம். ஆனா இவ்வளவு பெரிய வண்டி அவ்வளவு சின்ன விலைக்கு ஏன் வருதுன்னு கேளுங்க. இதுக்கு ஒரு பல்லுச்சக்கரம் வேணும்னா மெட்ராசுலயே கிடைக்காது. டாக்டர் வண்டியப் பாருங்க. நாளைக்கு வித்தாலும் போட்ட காசுல முக்கால்வாசி வந்துரும்."

நாலு நாள் கழித்து டீக்கடையில் இந்தப் பேச்சு மறுபடியும் வந்தது. பத்துப் பேர் சுற்றி இருந்தார்கள். பாய் தனியாகப் பேசியிருந்தால் ஒருவேளை நான் இறங்கி வந்திருப்பேன். பத்துப் பேர் முன்னால் முடியவில்லை. "கடைக்காரர் கணக்குப் பாக்குறாரு. நான் இஞ்சினப் பாக்குறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் டம்ளரைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் சொன்னா சரி" என்றார் கடைசியில்.

வண்டியைச் சிக்கலுக்குக் கொண்டுபோன அன்று தெருவே கூடியது. என் தங்கை மாலை போட்டுச் சூடம் கொளுத்தினாள். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்ணே?" என்று என்னிடம் கேட்டாள். "ஓடுற வண்டிக்குக் குடிக்கத்தான் செய்யும்" என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை.

முதல் மூன்று நான்கு மாதம் நன்றாகவே போயிற்று. யாத்திரைக்காரர்கள் சின்னக் கார்களை விட்டுவிட்டு இந்த வண்டியைத் தேடி வந்தார்கள். கோடை பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. உச்சிவெயிலில் இஞ்சின் கொதித்தது. பெட்ரோல், இஞ்சினில் இருக்கிற பம்புக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே ஆவியாகிவிடும். வண்டி நின்றுவிடும். மாப்பிள்ளை பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி வைத்துக் காத்திருப்பார். வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றியதில் ரேடியேட்டரும் அடைத்துக்கொண்டது. பத்துச் சவாரியில் வந்தது இரண்டு ரிப்பேரில் போனது. அதற்கும்மேல், இரண்டாவது கியர் ஓடும்போதே தானாகக் கழன்றுகொள்ளத் தொடங்கியது. ஒரு கையால் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்தப் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பி ஓட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் கேட்டால், "ஓடுது மச்சான்" என்பார்.

தை அமாவாசையன்று எனக்கு லீவு. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வயசான புருஷன் பெண்டாட்டி, கூட இரண்டு உறவுக்காரர்கள். ஒரே மகன் செத்துப்போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விடியற்காலையில் தேவிபட்டினத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, மண்டபத்தில் ரயில் பிடித்து, உச்சிக்குள் ராமேஸ்வரத்தில் மகனுக்குத் திதி கொடுக்க வேண்டும். நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அந்தப் பெரியவரிடம் எட்டு சிலிண்டரின் பெருமையைப் பேசிக்கொண்டு வந்தேன். அவர் "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டார். மடியில் ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தார்.

உச்சிப்புளி தாண்டிக் கொஞ்ச தூரம். காற்று சாலையில் மணலைக் கொண்டுவந்து குவித்திருந்தது. மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்து இரண்டாவதுக்கு மாற்றினார். கியர்பெட்டிக்குள் ஏதோ உடைந்து உருண்ட சத்தம். பிறகு எந்தக் கியரும் விழவில்லை. வண்டி மணலில் போய் நின்றது.

எல்லோரும் இறங்கினோம். இரண்டு பக்கமும் பனையும் உடைமரமும்தான். அந்த அம்மா சாலை ஓரத்தில் உட்கார்ந்து, "ரயில் போயிருங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பெரியவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபம் இருக்கும் திசையைப் பார்த்து நின்றார்.

கால்மணி நேரம் இருக்கும். பின்னாலிருந்து பாயின் கார் வந்தது. கொழும்பிலிருந்து கப்பலில் வந்து ரயில் மாறி வரும் சொந்தக்காரரை அழைத்துவர மண்டபம் போய்க்கொண்டிருந்தார். நிறுத்தி இறங்கினார். எங்கள் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஏறுங்கம்மா, நேரம் இருக்கு. இன்ஷா அல்லா ரயிலப் பிடிச்சிரலாம்."

நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். அப்போது அந்த உறவுக்காரர்களில் ஒருவர், எரிச்சலில், "இவ்வளவு பெரிய வண்டி, இப்படிப் பண்ணிருச்சே" என்றார். அதற்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் அவசியம் இல்லை. நான் சொன்னேன்.

"வண்டியில குத்தம் இல்லைங்க. ஓட்டத் தெரிஞ்சு ஓட்டணும். கியரைப் பிடிச்சு இழுத்து இழுத்துப் பல்லை ஒடச்சுட்டாரு."

மாப்பிள்ளை பானெட்டின்மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அந்தக் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். பாய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். பரமக்குடியில் கேட்ட சத்தத்தைச் சொல்லிக்காட்டியிருக்கலாம். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவர்கள் ரயிலைப் பிடித்தார்கள். அதைப் பாய் திரும்பும்போது எங்களிடம் நிறுத்திச் சொன்னார். அதற்குள் நாங்கள் இரண்டு ஜோடி மாடு பிடித்து வண்டியை இழுத்துக்கொண்டிருந்தோம். அந்த ஆறேழு மணி நேரத்தில் மாப்பிள்ளையும் நானும் பேசிய பேச்சை ஒரு கையில் எண்ணலாம்.

பல்லுச்சக்கரம் கிடைக்கவில்லை. மெட்ராசுக்கு எழுதினோம், பம்பாய்க்கு எழுதினோம். வண்டி ஒரு வருஷம் சிக்கலில் புளியமரத்தடியில் நின்றது. கோழிகள் பின் சீட்டில் முட்டையிட்டன. பிறகு இரும்பு வாங்குகிறவன் உடைத்து எடுத்துப்போனான். மாப்பிள்ளை வாலிநோக்கம் உப்பளத்தில் லாரி ஓட்டப் போனார். மீதிப் புஞ்சையைத் தங்கை பார்த்துக்கொண்டாள். பொங்கலுக்கும் ஆடிக்கும் போனால் சோறு போட்டார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் எதற்கும் என்னிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள் என்பதே எனக்குச் சேர்த்த பிறகுதான் தெரியும்.

ஐந்தாறு வருஷம் கழித்து அலுவலக வேலையாக வாலிநோக்கம் போனேன். ஜீப் பழுதாகி அங்கேயே நின்றுவிட்டது. உப்பு ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஒரு லாரி பக்கத்தில் வந்து நின்றது. மாப்பிள்ளைதான்.

"ஏறுங்க மச்சான். அங்கன கடலாடியில இறக்கிவிடுறேன்."

ஏறி உட்கார்ந்தேன். பழைய லாரி, முழுப் பாரம், மோசமான ரோடு. அவர் ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் இஞ்சினுக்கு ஒரு உறுமல் கொடுத்து, லீவரை இரண்டு விரலால் நகர்த்தினார். ஒரு இடத்தில்கூடப் பல் உரசவில்லை. பட்டாளத்தில் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். இவருக்கு யாரும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அந்தப் பெரிய வண்டியைக் காப்பாற்றுவதற்காகவே அவர் தானாகப் பழகியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாப்பிள்ளை, அந்த வண்டி... பாக்கப் போன அன்னைக்கே ரெண்டாவது கியர்ல சத்தம் இருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றேன்.

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்கும் கேட்டுச்சு மச்சான்."

"பிறகு ஏன்?"

"பத்துப் பேர் முன்னாடி நீங்க சொல்லிட்டீங்க. வேண்டாம்னா ஒங்களுக்குத் தலைக்குனிவு. வாங்கிட்டேன்."

கடலாடி வந்தது. நிறுத்தினார். இறங்கும்போது, "நீங்க நல்லா ஓட்டுறீங்க" என்றேன்.

"அத உச்சிப்புளியில சொல்லியிருக்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. லாரி போய்விட்டது. நான் ராமநாதபுரம் பஸ்சுக்காக அந்த வெயிலில் வெகுநேரம் நின்றேன்.

மறுநாளே கீழக்கரைக்குப் போய்ப் பாயைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவரிடமும் சொல்ல வேண்டியது இருந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். போனபோது வீட்டில் அவர் மச்சினர்தான் இருந்தார். பாய் கொழும்புக்குப் போனவர் அங்கேயே காலமாகி நாற்பது நாள் ஆகிவிட்டதாம். டீ கொடுத்தார்கள். குடித்தேன். என்ன விஷயமாக வந்தேன் என்று கேட்டார். சும்மாதான், இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.