மூன்றாம் கட்டிலில் நஜ்மா

காலை ஏழு மணியிலிருந்து நஜ்மா மூன்றாம் கட்டிலில் படுத்துக் கிடந்தாள். மருத்துவ மாணவர்களின் இறுதியாண்டுத் தேர்வு அன்று. அவள் நோயாளி மட்டுமல்ல, கேள்வித்தாளும் அவள்தான். மூன்று மாணவர்கள் வந்து, நாக்கை நீட்டச் சொல்லி, கணுக்காலை அமுக்கி, குழந்தைகள் எத்தனை என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தீவின் மின்னி பே பகுதியில் அவளுடைய தையல் கடை பூட்டிக் கிடந்தது. நாளை மறுநாள் கல்யாண வீட்டுக்குப் பதினொரு ரவிக்கை கொடுத்தாக வேண்டும்.

"பஸ் தீதி, ஔர் ஏக்," இன்னும் ஒரே ஒருத்தர்தான் என்று வங்காளி நர்ஸ் சமாதானம் சொன்னாள். இதையே அரை மணி நேரத்துக்கு முன்பும் சொல்லியிருந்தாள்.

நஜ்மாவின் இதய வால்வு ஒன்று சுருங்கியிருந்தது. அதைக் கண்டுபிடித்தது பெரிய டாக்டர் யாருமில்லை, அவளுடைய மகள் ஷாஹினா. மேடு ஏறும்போதெல்லாம் மூச்சு வாங்குவதை ஆஸ்துமா என்று நினைத்து இரண்டு வருடம் மருந்து குடித்துக்கொண்டிருந்தாள் நஜ்மா. வெளிநாட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஷாஹினா விடுமுறைக்கு வந்தபோது, உம்மாவை இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டாள். "இது ஆஸ்துமா இல்ல உம்மா, வால்வு," என்றாள். ஸ்கேனும் அதையே சொன்னது.

அந்த ஷாஹினாவால்தான் இங்கே டாக்டராக முடியவில்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் இந்தியாவில் உரிமம் பெற ஓர் எழுத்துத் தேர்வு உண்டு. முந்நூறு கேள்வி, நூற்றைம்பது சரியாக இருக்க வேண்டும். போன வாரம் மூன்றாம் முறையாக முடிவு வந்தது. நூற்று நாற்பத்தாறு. அன்றிலிருந்து நஜ்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

நான்காவதாக வந்த பெண்ணின் பெயர் ப்ரியங்கா. லம்பா லைன் பகுதியில் இருக்கும் காண்ட்ராக்டர் ஒருவரின் மகள். ஸ்டெதாஸ்கோப்பைச் சில்லென்று நெஞ்சில் வைத்தாள், எடுத்தாள், இடம் மாற்றினாள். நஜ்மாவைத் திரும்பிப் படுக்கச் சொல்லவே இல்லை. ப்ரியங்காவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நர்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்ததும் குனிந்து, "ஆன்ட்டி, உங்களுக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க?" என்று கிசுகிசுத்தாள்.

நஜ்மாவுக்குப் பசி. இது முடிந்தால் போதும் என்றிருந்தது.

"மைட்ரல் வால்வு சுருங்கியிருக்காம்," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் பரீட்சகர்கள் வந்தார்கள். ஒருவர் உள்ளூர்ப் பேராசிரியர், இன்னொருவர் கடல் கடந்து மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த தமிழ் டாக்டரம்மா. ப்ரியங்கா மளமளவென்று ஒப்பித்தாள். எந்த இடத்தில் என்ன சத்தம், எப்போது கேட்கும், எவ்வளவு தாழ்வாகக் கேட்கும் என்று ஒன்றும் விடவில்லை. பேராசிரியர் பூரித்துப்போய், "எழுத்துத் தேர்விலும் எப்போதும் இவள்தான் முதல். எழுத்தும் செய்முறையும் எப்படி ஒத்துப்போகிறது பாருங்கள்," என்று அந்த அம்மாவிடம் இந்தியில் சொன்னார்.

நஜ்மாவுக்கு இந்தி நன்றாகவே தெரியும். ஒத்துப்போகிறதாமே! ஷாஹினாவுக்கு மட்டும் ஏன் ஒத்துப்போகவில்லை? அவளுக்குச் சுருக்கென்றது.

"மேடம், அந்தப் புள்ள காதுல ஒண்ணும் விழல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றாள்.

ப்ரியங்காவின் முகம் வெளுத்தது. அந்த அம்மா கோபப்படவில்லை. "மறுபடி கேளும்மா. அவங்கள இடது பக்கம் திரும்பச் சொல்லு," என்றார். ப்ரியங்கா குனிந்து கேட்டாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அவளுடைய புருவம் உயர்ந்தது. புத்தகத்தில் நூறு முறை படித்த சத்தத்தை அவள் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நஜ்மாவுக்குப் புரிந்தது. ஆனால் நேரம் முடிந்திருந்தது.

மற்றவர்கள் போனபின் நஜ்மா அந்த அம்மாவை விடவில்லை. "எம் மக காதால கேட்டே கண்டுபுடிச்சா. அவளுக்கு லைசென்ஸ் இல்லியாம். இது என்ன நியாயம் மேடம்?"

"நானும் எழுத்து மார்க்கையும் செய்முறை மார்க்கையும் பக்கத்துல வச்சு வருஷக்கணக்காப் பாத்துட்டு இருக்கேன்மா. சில பேருக்கு ஒத்துப்போகும், பல பேருக்குப் போகாது. ஒண்ண வச்சு இன்னொண்ணச் சொல்ல முடியாது. எந்தக் கேள்வி தப்பாச்சுன்னு உங்க மகளக் கேட்டுப் பாருங்க," என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது, ஷாஹினா சந்தோஷப்படுவாள் என்றுதான் நஜ்மா எதிர்பார்த்தாள்.

"சொல்லிக் குடுத்ததும் நீங்க, மாட்டிவிட்டதும் நீங்களா?" ஷாஹினா சீறினாள். "பரீட்சையில விழுந்தா எப்படி இருக்கும்னு இந்த வீட்டுல தெரியாதா உம்மா?"

"அப்போ அவ அப்படியே டாக்டராகட்டுமா? ஒனக்குக் கெடைக்காத லைசென்ஸ் அவளுக்கு மட்டும் கெடைக்கட்டுமா?"

ஷாஹினா உம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்குப் புரியாதுன்னுதான் இதச் சொல்லாம விட்டேன். பொறந்த புள்ளைக்கு ஜன்னி வந்தா எந்த மருந்து, எவ்வளவுன்னு ஒரு கேள்வி. நான் எழுதுன அளவக் குடுத்திருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்காது. அந்த மாதிரி நாலஞ்சு. பரீட்சை என்னைய நிறுத்தி வச்சது தப்பில்ல," என்றாள்.

நஜ்மா போய் வீட்டிலிருந்த தையல் மெஷின் முன் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக அந்தப் பரீட்சையைத் திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது திட்டவும் ஆளில்லை. நூல் இரண்டு முறை அறுந்தது.

அடுத்த தேர்வில் ஷாஹினா நூற்று அறுபத்திரண்டு வாங்கினாள். நஜ்மா தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கலும், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பமும் கொடுத்தாள். ப்ரியங்கா அன்றைய தேர்வில் தேறாமல், துணைத் தேர்வு எழுதித் தேறினாளாம். அவளை ஒரு நாள் அபர்டீன் பஜாரில் நஜ்மா எதிரே பார்த்தாள். பேச வேண்டும் என்று இரண்டடி எடுத்து வைத்தாள். ப்ரியங்கா பார்த்தும் பாராததுபோல் பாத்திரக் கடைக்குள் நுழைந்துவிட்டாள். நஜ்மா வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். அன்றைக்குப் பரீட்சகர்களிடம் சொன்னது சரிதான் என்று தோன்றியது. ஆனாலும் மனசு ஆறவில்லை.