சோபாவிலிருந்து பார்த்தால் பச்சை

போன சனிக்கிழமை காலை மெல்போர்னில் ஒரு கல்யாணம். அதன் நேரலை, அனகாபுத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில். மணப்பெண் ஷெரின், என் மனைவி எஸ்தரின் தங்கை மகள். ஐந்து வயது வரை எஸ்தர்தான் தூக்கி வளர்த்தாள். நேரில் போக விசா கிடைக்கவில்லை. அதனால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

பாஸ்டர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றுவிட்டார். அவர் முகத்தின் மேல் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

குடும்பத் தலைவர் இப்போது என்ன செய்ய வேண்டும்? நேராக கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு சண்டை பிடிக்க வேண்டும். வேறெதற்கு அந்த நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்?

போனை எடுத்த பெண், ரவுட்டரில் என்ன கலர் லைட் எரிகிறது என்று பதற்றமே இல்லாமல் கேட்டாள்.

எங்கள் ரவுட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு மழையில் அடையாறு எங்கள் சந்துக்குள் புகுந்து, ஹாலில் முழங்கால் அளவு நின்றுவிட்டுப் போனது. அன்று முதல் ப்ளக் உள்ள எதையும் நாங்கள் கீழே வைப்பதில்லை. ஃபிரிட்ஜ் கல் மேல். இன்வெர்ட்டர் சுவரில். ரவுட்டர்... லாஃப்டில், இரண்டு எவர்சில்வர் அண்டாக்களுக்குப் பின்னால். வெள்ளத்தில் ஊரே மூழ்கினாலும் எங்கள் வைஃபை மூழ்காது. அன்றைக்குக் கரண்ட் இருக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

லைட்டைப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். நான் சோபாவிலிருந்தே பார்த்தேன்.

"பச்சைம்மா" என்றேன்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினீர்களா என்றாள். மூன்று தடவை என்றேன். பக்கத்தில் உலோகச் சாமான் ஏதாவது? ஒரு ஸ்பூன்கூட இல்லை. "உங்க சைடுல எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்று அவள் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆள் வருவாராம். கல்யாணம் முடியப் பத்து நிமிடம் இருந்தது.

இது என் ஒருவனின் பழக்கமா என்ன? டாக்டரிடம் தினமும் வாக்கிங் போவதாகச் சொல்கிறோம். மெக்கானிக்கிடம் வண்டியைத் தவறாமல் சர்வீஸுக்கு விட்டதாகச் சொல்கிறோம். உதவி கேட்டுப் போகிற இடத்திலெல்லாம் பொய் சொல்லிவிட்டு, 'சர்வீஸ் மோசம்' என்று ஒரு ஸ்டாரும் கொடுக்கிறோம்.

மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லி நான் குரலை உயர்த்தியபோது பின்னால் அண்டா உருளும் சத்தம். எஸ்தர் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றாள். சிவப்பாக எரிந்துகொண்டிருந்த ரவுட்டரின் ப்ளக்கைப் பிடுங்கினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொருகினாள்.

படம் வந்தது. ஷெரினும் மாப்பிள்ளையும் சர்ச் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். முதுகு மட்டும் தெரிந்தது.

ரெக்கார்டிங் அனுப்புவார்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லைட்டு பச்சைன்னு சொன்னீங்களே... எங்கேர்ந்துங்க பாத்தீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. போனில் அந்தப் பெண் இன்னும் "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரவுட்டர் இப்போது டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை, பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று எஸ்தர் கேட்டாள். போட்டாச்சு என்றேன்.

எழுந்து போய், மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள்.