தம்பிக்குக் கிடைத்த இடம்

வயதுப்படி பார்த்தால், இப்படி ஒரு நினைவு மலரில் என்னைப்பற்றித் தம்பிதான் எழுதியிருக்க வேண்டும். நான் அவனிலும் ஏழு வயது மூத்தவள். ஆண்டுத் திவசத்துக்கு வந்து இதைக் கையில் எடுக்கும் உங்களில் பலர் அவனை வைத்தியசாலைக் கட்டிலில்தான் கடைசியாகக் கண்டிருப்பீர்கள். அதற்கு முன் அவன் எப்படி இருந்தான் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

தம்பி யாழ்ப்பாணத்துக் கைதடியில் எங்கள் பெற்றோருக்கு இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தான். அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளராக இருந்தார். சண்டை கடுமையானபோது, வளர்ந்து வரும் பெடியனை அங்கே வைத்திருக்க அம்மா பயந்தார். தொண்ணூறாம் ஆண்டுக் குளிரில் நாங்கள் இருவரும் கனடாவுக்கு வந்து ரொறன்ரோவில் இறங்கினோம். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. அன்றிலிருந்து அவனுக்குத் தாயும் தகப்பனும் நான்தான்.

டோர்செட் பார்க்கில் ஒரு தொடர்மாடியில் குடியிருந்தோம். நான் ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலைக்குப் போனேன். தம்பி பள்ளிக்கூடம் போனான். கணக்கு என்றால் அவனுக்குச் சாப்பாடு தேவையில்லை. கட்டடத்தில் உள்ள பிள்ளைகள் கணக்குக் கேட்டு வந்தால் சோற்றுக் கையோடேயே எழுந்து போய்க் கதவைத் திறப்பான்.

பக்கத்து வீட்டில் போலந்திலிருந்து வந்த ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். மகன் மாரெக், தம்பியின் வகுப்பு. தம்பி கூப்பிடுவதைக் கேட்டு "அக்கா" என்பதுதான் என் பெயர் என்று மாரெக் நெடுநாள் நினைத்திருந்தான். கடைசி வருடத்தில் அவர்களுடைய கணித ஆசிரியர், இங்கிலாந்தில் உலகமே அறிந்த ஒரு பழைய பல்கலைக்கழகத்துக்கு இருவரையும் விண்ணப்பிக்கச் சொன்னார். முழுச் செலவையும் பல்கலைக்கழகமே ஏற்கும் ஓர் உதவித்தொகையும் இருந்தது.

எங்கள் குசினி மேசையில் இருவரும் எதிரெதிரே இருந்து விண்ணப்பத்தை நிரப்பினார்கள். மாரெக் தன் நாட்டைப் "போலந்து" என்று எழுதி, கடவுச்சீட்டு இலக்கத்தையும் எழுதிவிட்டான். தம்பி பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"அக்கா, பாஸ்போட் நம்பர் கேக்கினம். என்ன போடுறது?"

"கோடு போட்டு விடு."

"கோடு போட்டா ஏனெண்டு கேப்பினம்."

"கேக்கட்டும். அப்ப பாப்பம்."

வேறொருவருடைய கடவுச்சீட்டில் வந்தவர்கள் நாங்கள். எங்கள் அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

இருவரும் பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் சோதனையை எழுதினார்கள். தொலைபேசியில் நேர்முகமும் நடந்தது. ஒரே வாரத்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. தம்பிக்கு உதவித்தொகையும் கிடைத்தது. மாரெக்கின் தாயார் நடைபாதையில் நின்று தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் அன்றைக்குப் பாயாசம் வைத்தேன்.

அடுத்த நாள் சட்டத்தரணியின் கந்தோருக்குப் போனோம். அங்கே தமிழில் உதவி செய்யும் அங்கிள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சி, வழக்கு முடிய முன்னம் இவர் நாட்டை விட்டுப் போனா, வழக்கைக் கைவிட்டதாத்தான் எடுப்பினம். திரும்பி வரேலாது. பாஸ்போட் இல்லாமல் அங்காலையும் விசா குடுக்க மாட்டினம்."

"வழக்கைக் கெதியாக் கூப்பிடச் சொல்லேலாதோ அங்கிள்?" என்று தம்பி கேட்டான்.

"கேட்டு எழுதுவம், தம்பி. எழுதத்தான் எங்களாலை ஏலும்."

எழுதினார்கள். திகதி வந்தது. மொழிபெயர்ப்பாளர் வரவில்லையென்று தள்ளிவைத்தார்கள். மற்றத் திகதி வந்தது. அதிகாரிக்குச் சுகமில்லையென்று அதுவும் போனது. எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். நான் இங்கிலாந்துக்கே தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் பேசிய பெண்மணி எனக்காக வருந்தினார்; இடத்தை ஒரு வருடம் வைத்திருக்கச் செய்தார். அதற்குமேல் தன்னால் முடியாது என்றார். இரக்கமாகப் பேசுகிறவரோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

மாரெக்கின் தாயார் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார். முன்பெல்லாம் அவருடைய நாட்டிலும் கடவுச்சீட்டை வீட்டில் வைத்திருக்க முடியாதாம்; பொலிஸ் கந்தோர் அலுமாரியில்தான் கிடக்குமாம். அரசாங்கம் மாறியபின்தான் கைக்கு வந்ததாம். "உங்களுக்கும் ஒருநாள் மாறும்" என்றார்.

மாரெக் புறப்பட்ட நாளில் தம்பிதான் அவனுடைய பெரிய பெட்டியை விமான நிலையத்துக்குள் தூக்கிக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்து, "அவன்ரை பெட்டி சரியான பாரமக்கா" என்றான்.

வைத்திருந்த வருடமும் முடிந்தது. இடம் வேறு ஒருவருக்குப் போனது. தம்பி ரொறன்ரோவிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அந்த மாரிக் குளிரில் எங்கள் விசாரணை நடந்தது. இதற்காகவா இவ்வளவு காலம் என்று கேட்குமளவுக்குச் சுருக்கமாக முடிந்தது. எங்களை ஏற்றுக்கொண்டார்கள். வெளியே பஸ்ஸுக்கு நிற்கையில் தம்பி சிரிக்கத் தொடங்கினான். நான் அழுதேன்.

இரண்டாம் வருடத்தில் அவனுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைப் பழுதாக்கியிருந்ததாக வைத்தியர்கள் சொன்னார்கள். சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு கிருமி தொற்றியது. நான் கட்டிலருகே இருந்தேன். இருப்பதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு மாலையில் கேட்டுவிட்டேன். "இங்கிலாந்துக்குப் போகேலாமப் போனது உனக்கு இப்பவும் கவலையோடா?"

"அவை என்னை வேண்டாமெண்டு சொல்லேல்லையக்கா. வா எண்டுதான் சொன்னவை. அது காணும்" என்றான்.

எனக்கு அது போதாது. இன்றைக்கும் காணாது.

அப்பாவும் அம்மாவும் வந்து முகம் பார்க்கவில்லை. சண்டையால் கைதடியிலிருந்து கொழும்புக்கு வரவே அப்போது அனுமதி வேண்டும்; அது கிடைப்பதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

தம்பியின் ஆசிரியர்களுக்கும், கந்தோர் அங்கிளுக்கும், இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், வைத்தியசாலைக்கு நாள் தவறாமல் சூப் கொண்டுவந்த மாரெக்கின் தாயாருக்கும், அஜக்ஸிலிருந்தும் பிறம்ரனிலிருந்தும் கொட்டும் பனியில் காரோடி வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கைதடியில் ஒரு குடும்பத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். இறுதிச் சடங்கை வீடியோவில் எடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தோம். அங்கே மின்சாரம் இல்லை. அவர்கள் தங்கள் கடை ஜெனரேற்றரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவையும் அம்மாவையும் கதிரையில் இருத்திப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "பிள்ளையின்ரை முகம் தெரியிற இடத்திலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்று அம்மா கேட்டாராம். நிறுத்தினார்களாம். எண்ணெய் முடிந்து படம் தானாக அணையும்வரை ஒருவரும் எழும்பவில்லையாம். அவர்களுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

அக்கா
ஸ்காபரோ