சுவிட்சுக்கு வைத்த சந்தனம்

இன்று அலுவலகத்தில் ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு ஒருவர் சர்வர் கணினியை நெருங்கியதும் கிண்ணத்தை வெடுக்கெனப் பிடுங்கிவிட்டேன். அந்த வாசனை வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராசிபுரத்தில் பிளஸ் ஒன் படிக்கையில், பள்ளியின் ஆறு பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, விரல் கன்றக் கன்றக் கேபிள் முனைகளை அழுத்தி, எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இணைத்தேன். ஆயுத பூஜைக்குக் கணினி வாத்தியார் அந்த சுவிட்சின் துளைகளிலேயே சந்தனத்தை அப்பினார். விடுமுறை முடிந்து வந்தால் சுவிட்ச் செத்துக் கிடந்தது.

“சந்தனம் உள்ள போயிருச்சுங்க சார்,” என்றேன்.

“ஏம்புள்ள, சாமிக்கு வெச்சதையா குத்தஞ் சொல்றே? உன்ற லினக்ஸ்தான் கெடுத்துப்போடுச்சு!”

லினக்ஸை அழித்து, அறையையும் பூட்டினார். மறு வருடம்தான் திறந்தார், ஆயுத பூஜைக்கு. ஆறு கணினிக்கும் சந்தனம் வைத்துவிட்டு மறுபடி பூட்டினார்.