அக்கா திருத்திய வானொலி

அக்கா இல்லாத முதலாவது ஆண்டு இன்றோடு நிறைகிறது. அவர் பொறுமைசாலி, கெட்டிக்காரி, யார் வந்தாலும் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பாதவர் என்றெல்லாம் நீங்கள் செத்தவீட்டிலேயே சொல்லிவிட்டீர்கள். அவை உண்மைதான். அன்று யாரும் சொல்லாமல் விட்டதை, அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த தங்கை என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

அக்கா கொட்டாஞ்சேனையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா துறைமுகத்தில் இலிகிதர். ஐயா நோயில் விழுந்ததும் அக்கா படிப்பை நிறுத்தி, ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞராகச் சேர்ந்து, என்னையும் தம்பியையும் படிப்பித்தார். பிந்தித்தான் கலியாணம் செய்தார். அத்தான் தந்திப் பகுதியில் வேலை செய்தவர். முறைப்படி அனுமதி பெற்று, வீட்டிலிருந்தே வானொலியில் வெளிநாட்டுக்காரர்களோடு கதைப்பதுதான் அவருடைய ஒரே பொழுதுபோக்கு. நாட்டில் பிரச்சினை தொடங்கியதும் கதைக்கும் பெட்டியை அதிகாரிகள் கேட்டார்கள். அத்தான் மறுக்காமல் கொடுத்துவிட்டார். கேட்கும் பெட்டி மட்டும் வீட்டில் மிஞ்சியது. பழைய இரும்புப் பெட்டி, இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கலாம்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நாங்கள் தேவாலயத்தில் ஒளிந்திருந்தபோது எங்கள் வீட்டைக் கொள்ளையடித்தார்கள். அந்தப் பெட்டி பாரமாக இருந்ததால், கொண்டுபோக முடியாமல் மாடிப்படியில் உருட்டிவிட்டிருந்தார்கள். நிலையம் பிடிக்கும் குமிழின் தண்டு வளைந்து, உள்ளே அதை இழுக்கும் நூலும் அறுந்துபோயிருந்தது. வெள்ளவத்தையில் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடிக்குக் குடிவந்தோம். அத்தான் பெட்டியைத் தொடவில்லை. "இனி ஆரோடை கதைக்கிறதுக்கு?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருடம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. பெட்டி கட்டிலுக்குக் கீழே போனது.

பல வருடங்களுக்குப் பிறகு வடக்கே பாதை மூடப்பட்டது, தொலைபேசியும் செத்துப்போனது. யாழ்ப்பாணத்தில் இருந்த தம்பியும் அவன் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. எங்கள் சின்ன ரேடியோவில் வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தி இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும். ஒருநாள் அக்கா குனிந்து அந்தப் பெட்டியை வெளியே இழுத்தார். திருத்துவதற்குக் கடைகளில் விசாரித்தோம். "இந்தக் காலத்தில இதைக் கடையில வைச்சிருக்க ஏலாது அம்மா" என்றார்கள். அக்கா தானே திருத்தத் தொடங்கினார்.

உள்ளே ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மெல்லிய தகடுகள் இருந்தன. நிலையத்தைப் பிடிப்பது அவைதான். வளைந்தால் எல்லாம் முடிந்தது. அவற்றைக் கையால் முழுதாக உள்ளே மூடிவிட்டுத்தான் மற்ற இடங்களில் கை வைத்தார். வளைந்த தண்டைக் கழற்றிக் கீழ்க்கடையின் வைஸ் இடுக்கியில் பிடித்து மெல்ல மெல்ல நிமிர்த்தினார். பற்சக்கரங்களில் கல்லாகியிருந்த பழைய கிரீசை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் எடுத்தார். நூல் எந்தக் கப்பியைச் சுற்றி எங்கே போனது என்று சொல்ல வரைபடம் இல்லை. கப்பிகளில் இருந்த தேய்மானத்தைப் பார்த்து வழியைக் கண்டுபிடித்துத் தானே வரைந்துகொண்டார்.

முதலில் தூண்டில் நைலோன் கட்டினார். அது தண்டில் பிடிக்காமல் வழுக்கியது. கீழ்க்கடையை நடத்திய முஸ்லிம் நானாதான் வழி சொன்னார்.

"சப்பாத்துத் தைக்கிய நூல் ஈக்கி, மெழுகு பூசினது. அதப் போட்டுப் பாருங்களே."

அவர் எடுத்துத் தந்த அந்தச் சப்பாத்து நூல் பிடித்தது. தெரிந்த ஒரு நிலையம் கேட்டதும், முள்ளை அதன் இலக்கத்துக்கு நேரே நகர்த்தி இறுக்கினார். அதன்பின் குமிழைச் சுழற்றினால் முள் சொன்னபடி நகர்ந்தது. அக்கா அழுததை அன்றுதான் பார்த்தேன். அத்தானின் செத்தவீட்டில் அவர் அழவில்லை.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வடக்கில் ஆட்கள் உள்ள உறவினர் எல்லோரும் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கதிரை போதாமல் நிலத்தில் இருந்து செய்தி கேட்டார்கள். மாமா முறையான, பொறியியலாளராகப் பெரிய பதவியில் இருந்த ஒருவர் ஒருநாளும் தவறியதில்லை. "பிள்ளை, உம்மட கை தங்கக் கை" என்று அக்காவிடம் சொன்னவர் அவர்தான்.

ஒரு காலை, வீடு வீடாகச் சோதனை போடும் சுற்றிவளைப்பு வந்தது. பொலிஸ் அதிகாரி பெட்டியைப் பார்த்துவிட்டு, "மே மொகத்த?" என்று கேட்டார். இது என்ன என்றார்.

"ரேடியோ எக்கக் மஹத்தயா. அஹன்ன விதரய்" என்றார் அக்கா. ரேடியோதான், கேட்க மட்டும்தான்.

"கவுத ஹதுவே?" யார் திருத்தியது?

"மம."

நான் என்று அக்கா சொன்னார். ஒரு கடையில் என்று சொல்லியிருந்தால் பெட்டியை மட்டும் கொண்டுபோயிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு தமிழ்ப் பெண் தானாகவே இதைத் திருத்தினாள் என்றதும் அதிகாரியின் முகம் மாறியது. பெட்டியோடு அக்காவையும் கொண்டுபோனார்கள்.

அது கேட்கும் பெட்டி, அதால் யாரோடும் கதைக்க முடியாது என்று விஷயம் தெரிந்த ஒருவர் வந்து சொன்னால் போதும் என்றார் சட்டத்தரணி. நான் மாமா வீட்டுக்கு ஓடினேன். அவர் கேற்றைத் திறக்கவில்லை.

"பிள்ளை, நான் அந்தப் பெட்டியைக் கண்டதே இல்லை எண்டு வையும். எனக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம்."

"நீங்கள் நேற்றும் வந்து கேட்டனீங்கள் மாமா."

"அதை வெளியில சொல்லிப்போடாதையும்" என்றார்.

இன்னும் பல கதவுகளைத் தட்டினேன். எல்லோருக்கும் காய்ச்சல், எல்லோருக்கும் அவசர வேலை. கடைசியில் நானா கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். "எனக்கும் பயம் ஈக்கி தங்கச்சி. அதுக்கு என்ன செய்ய?" என்றார். நூலைத் தானே கொடுத்ததாகவும், தானும் அந்த ரேடியோவில் கிரிக்கெட் கேட்டதாகவும் பொலிசில் சிங்களத்தில் சொன்னார். அவரையும் ஒரு பகல் முழுதும் இருத்தி வைத்துத்தான் விட்டார்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் கழித்து அக்கா வீடு வந்தார். இடது காது கேட்கவில்லை. யார் அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. பிறகு உறவினர்கள் பழங்களோடு வந்து, "அந்தச் சாமானை ஏன் தொட்டனீர்?" என்று அவரையே கேட்டார்கள். பின்னேரம் வருவதை எல்லோரும் நிறுத்தினார்கள். பொலிசில் அடைபட்டிருந்தவளின் தங்கச்சி என்று எனக்குப் பேசியிருந்த சம்பந்தமும் நின்றது. நின்றதில் எனக்குக் கவலை இல்லை. அதைத் தன்னால் வந்தது என்று அக்கா நினைத்ததுதான் கவலை.

கிழமைக்கு ஒருமுறை பொலிசில் கையெழுத்து வைக்க வேண்டும். நானும் கூடப் போவேன். பெட்டி அங்கே ஒரு மேசையில் இருந்தது. பொலிஸ்காரர்கள் அதில் பாட்டுக் கேட்டார்கள். அக்கா கேட்கும் காதை அந்தப் பக்கம் திருப்பாமல் கையெழுத்து வைத்துவிட்டு வருவார். ஒருநாள் அதில் நூல் கழன்றுபோயிருந்தது. கொண்டுபோன அதே அதிகாரி மரியாதையாகவே கேட்டார்.

"நோனா, மேக ஹதல தென்ன புளுவன்த?" இதைத் திருத்தித் தர முடியுமா?

அக்கா பெட்டியைப் பார்த்தார். அவர் கை அதன் பக்கம் போனதை நான் கண்டேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மம தன்னே நே மஹத்தயா." எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் திரும்பும்போது, "முதல் நாளே இப்பிடிச் சொல்லியிருக்க வேணும், என்ன?" என்றார். அதற்குப் பிறகு அக்கா எதையும் திருத்தவில்லை. வீட்டில் மின்விசிறி நின்றால்கூட ஆளைக் கூப்பிடச் சொல்வார். தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி எங்களுக்குப் பல மாதங்கள் பிந்தித்தான் கிடைத்தது.

யுத்தம் முடிந்ததை அக்கா கண்டார். கடைசி மாதங்களில் மற்றக் காதும் மங்கிவிட்டது. நான் கையில் எழுதிக் காட்டியே கதைத்தேன். தூக்கத்திலேயே போனார்.

அவரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் என் நன்றி. நானா இன்று இல்லை. அக்காவின் மருந்துச் செலவையும் பார்த்து, பாடையைச் சுமக்கவும் வந்து நின்ற அவருடைய பிள்ளைகளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. செத்தவீட்டில் எழுந்து நின்று, "வானொலியைத் தன் கையாலேயே திருத்திய வீரப் பெண்" என்று அழகாகப் பேசிய மாமாவும் இன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எல்லோருக்கும் இலை போட்டிருக்கிறது. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.